செடித்துரை கொண்டுபோன குழை

என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குளக்கட்டு முழுக்க நடந்த என் அப்புவுக்கு, உங்கள் மகள் தையல் லண்டனில் இருந்து எழுதுவது.

நீங்கள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இத்தனை நாளும் உங்களோடு மனதுக்குள்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுத்தில் கதைக்க வேண்டி வந்துவிட்டது, ஏனென்றால் நான் சொல்லப்போவதை எங்கள் ஊர்ச்சனமும் வாசிக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். மூன்றாம் வகுப்போடு என்னை மறித்து மாடு பார்க்க விட்டது நீங்கள். அதையும் நான் மறக்கவில்லை. பேத்தி வாசுகி இதைத் திருத்தி, ஊர்ச்சங்கம் வருடாவருடம் போடுகிற மலருக்குக் கொடுப்பாள். பிழையைத் திருத்து, சொல்லை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இப்போது பிளேஸ்டோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஊரில் சண்டை தொடங்கி, வீடும் வளவும் போய், மகள்தான் என்னை இங்கே கூப்பிட்டு எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. மிளகாய்க் கன்று வைத்தேன். ஒரு சாண் வளர்ந்துவிட்டு அப்படியே குளிரில் ஒடுங்கி நின்றுவிட்டது. மருமகன் நல்லவன், ஆனால் நான் போட்ட ஹீட்டரை எனக்குப் பின்னாலேயே வந்து நிற்பாட்டுவான். இதையும் அச்சில் போடு என்றேன், வாசுகி சிரிக்கிறாள்.

வாசுகி மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். படித்த இடத்தில் ஒரு பெடியனைக் கண்டு, இருவரும் விரும்பிவிட்டார்கள். ரமணன் என்று பெயர். தமிழ் கொஞ்சம் நொண்டும், மற்றபடி தங்கமான பிள்ளை. யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்தேன். விசாரிக்காமல் இருந்திருக்கலாம். எங்கள் ஊர் நொச்சியடிக்குளத்து ஐயனார் கோயில் பூசாரியின் மகன் பரஞ்சோதி அண்ணையை நினைவிருக்கிறதா அப்பு? அவருடைய பேரன்.

இரண்டு வீட்டாரும் விம்பிள்டன் கோயிலில் சந்தித்து, கலியாணத்துக்கு நாள் வைப்பதைப் பற்றிக் கதைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பூசை முடிந்து சோற்றுக்கு வரிசையில் நின்றோம். பரஞ்சோதி அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றார். தலை முழுக்க வெள்ளை. கண் மட்டும் அதே கண்.

"நீர் வீரகத்தியின்ர மகள் தையலெல்லோ?"

"ஓம் அண்ணை. சுகமா இருக்கிறியளோ?"

"சுகம் கிடக்கட்டும். குழை வித்தவற்ர வீட்டிலை நாங்கள் கை நனைக்கிறேல்லை. பிள்ளையள் விரும்பினால் பதிவுக் கந்தோரிலை எழுத்தைப் போட்டுக்கொள்ளட்டும். நான் அந்தப் பக்கமும் வரமாட்டன்."

"மாமா, இஞ்ச வைச்சு வேண்டாம்," என்று ரமணனின் தாய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தா. வரிசையில் நின்ற சனம் முழுவதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தது. நான் விடுவேனா? "எங்கட அப்பு வெட்டிக் குடுத்தவர், விக்கேல்லை" என்று சத்தம் போட்டேன். அன்றைக்கு நாள் வைக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் வைக்கவில்லை. ரமணனின் தகப்பன், தன் தகப்பன் வராமல் கலியாணம் செய்ய மனமில்லை என்று தள்ளிக்கொண்டே போனார். வாசுகி என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதைக் குறைத்துவிட்டாள்.

இனி வருவது உங்களுக்குத் தெரிந்த கதை. வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் குளத்துக்குப் பின்னால் காட்டில் முரளி மரங்கள் நிறைய உண்டு. செம்பழம் பழுக்கும், எல்லாரும் ஆய்ந்து தின்பார்கள். ஐயனார் கல்லுக்குப் பக்கத்தில் நின்ற மரம் மட்டும் வேறு சாதி. பழம் கறுப்பு, தேன் மாதிரி இனிப்பு. கருமுரளி என்போம். ஆனி மாதம் அது பழுக்கத் தொடங்கியதும் ஒருவரும் கை வைக்கக் கூடாது. பூசாரி குளித்துவிட்டு வந்து, பழத்தோடும் இலையோடும் ஒரு சின்னக் கொப்பைக் கையால் முறுக்கி முறித்து, ஐயனார் கல்லின்மேல் வைப்பார். அதுதான் குழை. இரும்பு படக்கூடாது, கத்தி படக்கூடாது. அந்தக் குழை கல்லின்மேல் காய்ந்து இலை உதிர்ந்த பிறகுதான் ஊர் பழம் ஆயும்.

நாங்கள் குளத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். காட்டில் வழி காட்ட, தேன் எடுக்க, மான் தடம் பார்க்க அப்புவைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வாசல் படலையோடு நிற்பாட்டித்தான் கதைப்பார்கள், உள்ளே விடமாட்டார்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில்தான் ஒரு துரை வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். செடிகளாகப் பறித்துக்கொண்டு திரிந்ததால் செடித்துரை என்று சனம் பெயர் வைத்தது. பறித்ததைத் தாளுக்கு நடுவே வைத்து, பலகைச் சட்டத்துக்குள் போட்டுத் தோல்வாரால் இறுக்குவார். ஈரமான தாள்களை எங்கள் முற்றத்தில் வெயிலில் விரிப்பார்கள். காற்றுக்குப் பறக்காமல் நான் கல் வைப்பேன். காட்டுப்பழம் என்றால் துரைக்கு உயிர். பாலை, வீரை, உலுவிந்தை என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எடுத்தார். ஆனால் ஒன்றையும் தின்று பார்க்கவில்லை. மோந்து பார்த்துவிட்டுத் தாளுக்குள் வைத்துவிடுவார். தின்னாத மனிசனுக்குப் பழம் என்னத்துக்கு என்று அம்மா கேட்டது இப்போதும் என் காதில் கிடக்கிறது.

கருமுரளியைக் கண்டதும் துரைக்குப் பைத்தியம் பிடித்தது போலாகிவிட்டது. இது ஒருவருக்கும் தெரியாத புதுச்சாதி, பழத்தோடு ஒரு கொப்பு வேண்டும் என்று கேட்டார். பூசாரி மறுத்துவிட்டார். குழை அப்போதுதான் கல்லில் ஏறியிருந்தது. மறுநாள் விடிய துரையின் வண்டி போய்விட்டது. கல்லின்மேல் குழையும் இல்லை.

துரைக்கு வழி காட்டியது நீங்கள். சனம் உங்களைப் பிடித்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரியும். "குழையிலை நான் கை வைக்கேல்லை. உள்காட்டிலை இன்னொரு கருமுரளி நிக்குது. என்ர கத்தியாலை அதிலை வெட்டித்தான் துரைக்குக் குடுத்தனான். குழையை மந்தி கொண்டு போயிருக்கும்." சொல்லிவிட்டு, ஐயனார் கல்லுக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்தீர்கள். இடுப்பில் கத்தி இருந்தது. நான் உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

உள்காட்டில் இருந்த அந்த மரத்தைக் காட்டு என்றார்கள். காட்டேன், அதையும் மொட்டையடித்துவிடுவீர்கள் என்றீர்கள். நான் உங்களை நம்பினேன். ஊரில் நம்பியது நான் ஒருத்திதான். அம்மாகூட நம்பவில்லை.

அந்த மார்கழியில் காய்ச்சல் வந்தது. நாடு முழுக்க வந்த நுளம்புக் காய்ச்சல், மலேரியா. பரஞ்சோதி அண்ணையின் தங்கச்சி இராசம் போனாள், என்னோடு கெந்தி விளையாடியவள். அடுத்து அவளுடைய தாய் போனா. எங்கள் வீட்டில் தம்பி போனான். ஐயனாரின் குழையைக் களவாடி விற்றதால் வந்த வினை என்று ஊர் முடிவு கட்டியது. அன்று தொட்டு நாங்கள் குழை வித்த குடும்பம். கிணற்றடியில் கேட்டேன், கலியாணம் பேசும்போது கேட்டேன், கடைசியில் விம்பிள்டனிலும் கேட்டேன். கேட்ட இடமெல்லாம் எதிர்த்து நின்றேன். அம்மா சாகக் கிடந்தபோது, "உன்ர அப்பர் பொய்ச்சத்தியம் செய்தவரடி" என்றா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாருக்காக? உங்களுக்காக.

வாசுகிதான் ஒரு வழி சொன்னாள். துரைமார் கொண்டுவந்த செடிகொடி எல்லாவற்றையும் தேம்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தோட்டத்தில் காயவைத்து அடுக்கியிருக்கிறார்களாம். எழுதிக் கேட்டாள். துரையின் பெயரையும் குளத்தின் பெயரையும் வைத்துத் தேடி, இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று மறுமொழி வந்தது.

எனக்கு அன்று நித்திரை இல்லை. பயத்தால் இல்லை, சந்தோசத்தால். வெட்டிய கொப்பின் அடி நேராக இருக்கும். முறுக்கி முறித்ததன் அடி நாராகக் கிழிந்திருக்கும். எவ்வளவு காலம் போனாலும் அது மாறாது. வாசுகியிடம் சொன்னேன், "அடியைப் பாத்தால் காணும். கத்தி வெட்டெண்டால் அந்தக் கிழவனை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவன். பிறகு கலியாண நாளை வைக்கட்டும், மன்னிப்பும் கேக்கட்டும்."

"முதல் போய்ப் பாப்பம் அம்மம்மா," என்றாள்.

ரயிலில் லண்டனின் இந்தக் கரையில் ஏறி அந்தக் கரையில் இறங்கினோம். தோட்டத்துப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டிடம். உள்ளே மாடிக்கு மேல் மாடி, மேலே சுற்றிச் சுற்றிப் போகிற இரும்புப் படி, நான்கு பக்கமும் அலுமாரி. பழைய சேலைப்பெட்டியைத் திறந்தது போலப் பூச்சி உருண்டை வாசம். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரி எங்களை மேசையில் இருத்தி, சிவப்புக்கரை போட்ட மட்டை ஒன்றைக் கொண்டுவந்து திறந்தா. தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டா.

கருமுரளி. இலையெல்லாம் புகையிலை நிறத்துக்கு வந்துவிட்டது. கொப்பைத் தாளில் வைத்து மெல்லிய கடதாசிப் பட்டியால் ஒட்டியிருந்தார்கள். உதிர்ந்த பழங்கள் ஒரு சின்ன உறைக்குள் மிளகு மாதிரிச் சுருண்டு கிடந்தன.

"அம்மம்மா, இஞ்ச குளத்தின்ர பேர் போட்டிருக்கு," என்று வாசுகி ஓரத்துச் சீட்டை வாசித்தாள். "ஆனி மாதம் எண்டும் இருக்கு. துரையின்ர பேரும் இருக்கு."

"எங்கட அப்புன்ர?"

"இல்லை அம்மம்மா."

"இருக்காது. சும்மா கேட்டனான். நீ கொஞ்சம் தள்ளு, நான் அடியைப் பாக்கவேணும்."

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். கொப்பின் அடி திருகி நார்நாராகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கத்துப் பட்டை நாக்குப் போல நீளமாக உரிந்து, தாளில் படிந்து கிடந்தது. கத்தி பட்ட அடையாளமே இல்லை. நீங்கள் சத்தியம் செய்தது வெட்டு. நான் பார்த்தது முறிவு, அப்பு. பூசாரி இரண்டு கையாலும் முறுக்கி முறித்த அதே முறிவு.

"ஏன் அழுகிறா எண்டு கேக்கிறா," என்றாள் வாசுகி.

"பூச்சி உருண்டை கண்ணுக்கை அடிக்குதெண்டு சொல்."

அந்த வெள்ளைக்காரி நல்ல மனிசி. கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, மட்டையில் இருந்த மற்றச் சீட்டுகளையும் விளங்கப்படுத்தினா. இந்தக் கொப்பை வைத்துத்தான் அந்த மரத்துக்குப் புதுப்பெயர் வைத்தார்களாம். துரையின் பெயர். தானே வைக்கவில்லையாம், இங்கே இருந்த கூட்டாளி வைத்தாராம். நல்ல கூட்டாளி. ஆனால் பிறகு வந்த ஒருவர் ஆராய்ந்து பார்த்து, இது புதுச்சாதி இல்லை, ஏற்கனவே தெரிந்த முரளியில் பழம் கறுத்த ஒன்று, அவ்வளவுதான் என்று எழுதி ஒட்டிவிட்டாராம். அதனால் அந்தப் பெயர் இப்போது பாவனையில் இல்லையாம்.

கேட்டீர்களா அப்பு? நீங்கள் கொடுத்த குழைக்கு வைத்த பெயரையும் எடுத்துவிட்டார்கள். இதற்காகவா?

திரும்பி வரும்போது ரயிலில் சனமில்லை. வாசுகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோயிலில் நடந்த சண்டைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பிடித்தாள்.

"அம்மம்மா, அதைப் பாத்தது நீங்களும் நானும்தான். வெட்டியிருந்தது எண்டு சொல்லுவம். நான் சாட்சி."

"நீ மருந்துக்கடையிலை இருக்கிறனி. கேட்ட மருந்து இல்லாட்டி வேற மருந்தை மாத்திக் குடுப்பியோ?"

"உது வேற, இது வேற."

"எனக்கு ரண்டும் ஒண்டுதான். ஒரு பொய்ச்சத்தியம் போதும் எங்கட குடும்பத்துக்கு."

 பிறகு என்னைத் தேற்றுவதற்கு ஒரு கதை கட்டினாள். "ஒருவேளை உங்களுக்குக் காய்ச்சலா இருந்திருக்கும். துரையிட்டை கொயினா மருந்து இருந்திருக்கும். உங்களைக் காப்பாத்தத்தான் அவர் குழையைக் குடுத்திருப்பார்." நல்ல கதைதான். வேறொருத்தி என்றால் மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பாள். எனக்கு அது ஏலாது. காய்ச்சல் வந்தது மார்கழியில். குழை போனது ஆனியில். காய்ச்சல் வரும்போது துரை கப்பல் ஏறிப் போயே போய்விட்டார். என் தலையில் அந்தப் பழியைக் கட்டவும் வேண்டாம், உங்கள் தலையில் அந்தப் புண்ணியத்தை வைக்கவும் வேண்டாம்.

நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்றுவரை அதற்கு ஒரு அர்த்தமும் இருக்கவில்லை. துரையின் வண்டி போன அன்று காலையில் நீங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தீர்கள். அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்ட, வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டீர்கள். "துரை கை குடுத்தவரடி. எல்லாருக்கும் முன்னாலை, வண்டிக்காரன் பாத்துக்கொண்டு நிக்க, இந்தக் கையைப் பிடிச்சுக் குலுக்கினவர்." அந்தக் கையால் தின்னவும் மனமில்லை, கழுவவும் மனமில்லை. இடக்கையாலயோ தின்னப்போறியள் என்று அம்மா ஏசினா. நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

படலைக்கு உள்ளே ஒருவரும் கூப்பிடாத மனிசனுக்கு ஒரு வெள்ளைக்காரன் கை கொடுத்தான். அதற்காகக் கொடுத்தீர்கள். அப்படித்தானே? பிழை என்றால் ஒரு தரம் கனவிலாவது வந்து சொல்லுங்கள்.

அடுத்த கிழமை வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். பரஞ்சோதி அண்ணை அங்கே ஒரு கவுன்சில் வீட்டில், மாடியில், மகனோடு இருக்கிறார். துணைக்கு வருகிறேன் என்ற வாசுகியைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக ஏறினேன். கதவைத் திறந்தது அவர்தான்.

"பிளேஸ்டோவிலை இருந்து சண்டை பிடிக்கவோ வந்தனீர்?"

"இல்லை. துரை கொண்டுவந்த குழை இஞ்சதான் கிடக்கு. போய்ப் பாத்திட்டு வந்தனான் அண்ணை."

அவர் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வெட்டோ, முறிவோ?"

"முறிவு."

அவர் சிரிக்கவில்லை. அப்போதே சொன்னேனே என்று குதிக்கவும் இல்லை. தடியோடு மெல்லப் போய்க் கதிரையில் இருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"பட்டை உரிஞ்சு கிடக்கோ?"

"ஓம். நாக்கு மாதிரி."

"அப்ப அது எங்கட அப்பற்ர கை," என்றார். "எங்கட அப்பர் முறிச்சால் அப்பிடித்தான் உரியும். அவற்ர படமொண்டும் எங்களிட்டை இல்லை, தெரியுமோ? கோயிலும் இப்ப இல்லை, மரமும் இல்லை. ஆமிக்காரன் முகாம் போட்டு எல்லாத்தையும் வெட்டிப்போட்டானாம்."

அது எனக்குத் தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வருவதே அரிது. கருமுரளி நின்ற இடம் வெட்டையாகக் கிடக்கிறதாம் அப்பு. இவ்வளவு நேரமும் எழுதிவிட்டு இதை இப்போதுதான் உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் தொடங்கினேன். "அண்ணை, குழையைக் குடுத்தது உண்மை. பொய்ச்சத்தியம் செய்ததும் உண்மை. ஆனால் இராசம் அதாலை சாகேல்லை. உங்கட அம்மாவும் அதாலை சாகேல்லை. அது நுளம்புக் காய்ச்சல். குழை இல்லாத ஊர்களிலையும் சனம் செத்தது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நுளம்பெண்டு தெரியும். என்ர மகன் எப்பவோ சொல்லிப்போட்டான். ஆனால் ஆரையாவது ஏசவேணுமே தையல். ஐயனாரை ஏசப் பயம். துரையை ஏசுறதெண்டால் அவன்ர பாஷை தெரியாது. உங்கட அப்பர்தான் படலையிலை நிண்டார், கைக்கெட்டின தூரத்திலை."

"படலையிலை நிக்க வைச்சது ஆர் அண்ணை?"

அவர் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உள்ளுக்கு வந்து இரும், தேத்தண்ணி குடியும்," என்றார். போய் இருந்தேன். தேத்தண்ணிக்குச் சீனி கூடிவிட்டது. குடித்தேன்.

"கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ," என்றார் நான் எழும்பும்போது. "வருவன். ஆனால் ஏசுறதை விடுவன் எண்டு நினையாதையும். கனகாலப் பழக்கம்."

தை மாதம் நாள் வைத்திருக்கிறார்கள். வாசுகி சேலைக்கு அலைகிறாள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கும் இருக்க வேண்டும். ஆனால் சமையலறையில் தனியாக நிற்கும்போது கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவுகிறேன். வாழ்நாள் முழுக்க நான் பிடித்த சண்டையில் எதிராளி சொன்னதுதான் சரி. அம்மா சொன்னதும் சரி. அது உங்களுக்கு முதலிலேயே தெரியும். நான் உங்களுக்காக ஊரோடு மல்லுக்கட்டிவிட்டு வரும்போதெல்லாம் என் தலையைத் தடவினீர்களே தவிர, விடு தையல் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? உங்களை நம்புவதற்கு ஒரு ஆளாவது மிஞ்சட்டும் என்று நினைத்தீர்களா?

இந்தக் கோபத்துக்கு நடுவில்தான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. தம்பியைச் சுடலையில் தாட்டுவிட்டு வந்த அன்று நீங்கள் வீட்டுக்குள் வரவில்லை. நேரே குளக்கட்டுக்குப் போய், இடுப்பிலிருந்த கத்தியைக் கழற்றித் தண்ணீருக்குள் எறிந்தீர்கள். நல்ல கத்தி. அதில்தான் எங்கள் பிழைப்பே. ஏன் என்று அம்மா கேட்டதற்கு நீங்கள் வாய் திறக்கவில்லை. நான் அதைத் துக்கம் என்று நினைத்தேன்.

அது துக்கம் மட்டும் இல்லை, என்ன அப்பு? எந்தக் கத்தியால் வெட்டினேன் என்று கற்பூரம் அணைத்தீர்களோ, அந்தக் கத்தி. ஊர் சொன்னதை நீங்களும் நம்பிவிட்டீர்கள். உங்கள் பொய்க்கு ஐயனார் தம்பியை எடுத்தார் என்று நம்பித்தான், அதன் பிறகு இருந்த காலம் முழுவதும் அந்தத் தலைவாசலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தீர்கள். ஒருவருக்கும் சொல்லாமல் அதையும் கொண்டு போய்விட்டீர்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால், சின்னப் பிள்ளையாக இருந்தாலும் நான் உங்களோடு சண்டை பிடித்தாவது அதை உங்கள் தலையிலிருந்து இறக்கியிருப்பேனே.

ஆகவே கேளுங்கள், நான் செய்யப்போவது இதுதான். கலியாண வீட்டில் பரஞ்சோதி அண்ணை குழைக்கதையைத் தொடங்கினால் நான் குறுக்கே விழமாட்டேன். வீரகத்தி குழையைக் கொடுத்தான் என்றால், ஓம் என்பேன். பொய்ச்சத்தியம் செய்தான் என்றால், அதற்கும் ஓம் என்பேன். அவர் விட்ட இடத்திலிருந்து நானே ஏசுவேன். எனக்கு அவரைவிடக் கூட உரிமை இருக்கிறது. ஆனால் கதை மார்கழிக்குப் போய், அவர் இராசத்தின் பெயரையோ தம்பியின் பெயரையோ எடுத்தால், மணவறைக்கு முன்னால் என்றாலும் எழும்பி நிற்பேன். அது எங்கள் அப்பு இல்லை, நுளம்பு என்று ஊர்ச்சனம் முழுவதும் கேட்கச் சொல்வேன். நான் இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

நுளம்பு, அப்பு. தம்பி உங்களால் சாகவில்லை.

கோபம் ஆறாத, உங்களை விட்டுக்கொடுக்கவும் தெரியாத
உங்கள் மகள்,
தையல்முத்து